முன்பாரமும் பின்பாரமும்



பாரவண்டி ஓட்டியவர்கள் இந்த உத்திரமேரூர்ப் பக்கத்து ஊர்களில் இன்னும் சிலர் இருக்கிறார்கள். நெல் மூட்டை ஏற்றி முடித்ததும் அவர்கள் உடனே காளையைப் பூட்ட மாட்டார்கள். வண்டிக்கு முன்னால் வந்து நுகத்தடியை ஒரு கையால் தூக்கிப் பார்ப்பார்கள். கை வலித்தால் முன்பாரம். அது காளையின் கழுத்தில் உட்காரும். நுகத்தடி தானாக மேலே எழும்பினால் பின்பாரம். பூட்டாங்கயிறு காளையின் தொண்டையை இறுக்கும். ஒரு மூட்டையை இரண்டு சாண் முன்னே தள்ளியோ பின்னே இழுத்தோ சரிசெய்த பிறகுதான் பயணம். மேடு ஏறும்போது வண்டிக்காரர் முன்னால் நகர்ந்து உட்காருவார், இறக்கத்தில் பின்னால் தள்ளி உட்காருவார். பள்ளிக்கூடத்து நெம்புகோல் பாடத்தை அவர் படித்ததில்லை. பாடம் அவர் கையில் இருந்தது.

இன்றைய பேச்சு முழுவதும் அந்த ஒரு கையைப் பற்றியதுதான். சிறிய டிராக்டரின் முன்பக்கம் லோடர் பூட்டி மண்ணும் கல்லும் மூட்டையும் தூக்குகிறார்கள் அல்லவா, அங்கே நுகத்தடியைத் தூக்கிப் பார்க்க ஆளில்லை. முன்பாரம் அதிகமானால் காளை முரண்டு பிடிக்கும், படுத்துக்கொள்ளும். டிராக்டர் முரண்டு பிடிக்காது. லிவரை இழுத்தால் தூக்கும், தூக்கிக்கொண்டே கவிழும்.

உத்திரமேரூரில் மேடையேறுபவர் குடவோலைத் தேர்தலைத் தொடாமல் இறங்கினால் ஊர் மன்னிக்காது. சோழ மன்னன் முதலாம் பராந்தகன் காலத்தில் 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட கல்வெட்டுகள் வைகுந்தப் பெருமாள் கோயில் சுவரில் இருக்கின்றன. அவற்றில் தேர்தல் முறையைப் படித்து வியப்பவர்கள், தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்கு என்ன வேலை கொடுத்தார்கள் என்பதை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. சம்வத்சர வாரியம், தோட்ட வாரியம் ஆகியவற்றோடு ஏரி வாரியம் என்று ஒன்று தனியாகவே இருந்தது. அதற்கும் முன்பே, பல்லவ மன்னன் தந்திவர்மன் காலத்திலேயே, இவ்வூர் ஏரிக்கு வைரமேகத் தடாகம் என்று பெயர். ஏரி இருந்தால் வண்டல் இருக்கும். வண்டல் இருந்தால் அதைத் தூக்கி வேறு இடத்தில் போடும் வேலையும் இருக்கும். ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக இந்த ஊர் மண் சுமந்துகொண்டிருக்கிறது. கூடை போய், மாட்டுவண்டி போய், டிராக்டர் வந்திருக்கிறது.

ஏரி வண்டலை வயலுக்கு அடிக்க வட்டாட்சியர் அலுவலகத்திலேயே அனுமதி வாங்கிக்கொள்ளலாம் என்று தமிழக அரசு 2024-இல் நடைமுறையை எளிதாக்கியது. ஏரிக்குள் தோண்டும் வேலையை ஜேசிபி பார்த்துக்கொள்ளும். டிப்பர் வயலோரம் கொட்டிவிட்டுப் போய்விடும். அதன் பிறகு குவியலை அள்ளி வயலுக்குள் பரப்புவது, எருக்குழியிலிருந்து தொழுவுரம் ஏற்றுவது, வேலிக்கு வந்த கல்கால்களை வரப்பு ஓரமாக இறக்குவது, களத்தில் மூட்டை நகர்த்துவது என்று நூறு சில்லறை வேலைகள் இருக்கின்றன. 20 முதல் 30 குதிரைத்திறன் கொண்ட சிறு டிராக்டரும் அதன் முகத்தில் மாட்டிய லோடரும் இந்த இடத்தில்தான் உள்ளே வருகின்றன. பெரிய இயந்திரம் நுழையாத வழியில் அது நுழைகிறது. வரப்பை உடைப்பதில்லை. ஆள் கிடைக்காத நாளில் நாலு ஆள் வேலையைச் செய்கிறது.

அதன் பலத்தைப் பற்றி யாருக்கும் சந்தேகம் வேண்டாம். லோடரின் கையைத் தூக்குவது ஹைட்ராலிக் ஜாக்கி. அடைத்து வைத்த திரவத்தில் ஓரிடத்தில் கொடுத்த அழுத்தம் எல்லாப் பக்கமும் ஒரே அளவில் பரவும் என்று 17-ஆம் நூற்றாண்டில் பிரான்ஸ் நாட்டு பாஸ்கல் கண்டறிந்தார். இங்கிலாந்தின் ஜோசப் பிராமா 1795-இல் அதைக் கொண்டு அழுத்து இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். சிறு டிராக்டரில் அந்த எண்ணெயின் அழுத்தம் 150 பார் என்று வைத்துக்கொள்வோம். கார் டயரில் இருப்பது இரண்டு பார் சொச்சம். 40 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள ஒரே ஜாக்கி அந்த அழுத்தத்தில் ஏறத்தாழ 1,900 கிலோ விசையில் தள்ளும். இரண்டு ஜாக்கிக்கு 3,800 கிலோ. கை நீளமாக இருப்பதால் பக்கெட்டின் வாயில் அது சில நூறு கிலோவாகக் குறைந்துவிடுகிறது. அப்படிக் குறைந்த பிறகும், டிராக்டரைக் குப்புறத் தள்ள அது தாராளமாகப் போதும்.

இதற்கு ஒரு காவல் வைத்திருக்கிறார்கள். அதன் பெயர் ரிலீஃப் வால்வு. குறித்த அழுத்தத்தைத் தாண்டினால் எண்ணெயைத் திருப்பி விட்டுவிடும். கை அதற்கு மேல் தூக்காது. சில பட்டறைகளில் இந்த வால்வின் திருகை முறுக்கி, “இப்போ இன்னும் தூக்கும் பாருங்க” என்று கொடுப்பது உண்டு. தூக்கத்தான் செய்யும். காவல்காரனை வீட்டுக்கு அனுப்பிவிட்டுக் கதவைத் திறந்து வைத்தால் யார் வேண்டுமானாலும் உள்ளே வரலாம்.

இனி நுகத்தடிக் கணக்குக்கு வருவோம். கையில் தாள் இருப்பவர்கள் குறித்துக்கொள்ளலாம். எண்கள் உதாரணத்துக்காக முழுமையாக்கியவை.

ஒரு சிறு டிராக்டரின் எடை 1,000 கிலோ. முன் சக்கரங்கள்மீது 400, பின் சக்கரங்கள்மீது 600. முன் ஆக்சிலுக்கும் பின் ஆக்சிலுக்கும் இடையே ஒன்றரை மீட்டர். பூட்டிய லோடரின் எடை 300 கிலோ. அதன் பாரம் முன் ஆக்சிலுக்கு 60 சென்டிமீட்டர் முன்னால் விழுகிறது. பக்கெட்டில் 400 கிலோ ஈர மண். அது முன் ஆக்சிலுக்கு ஒன்றரை மீட்டர் முன்னால் இருக்கிறது. இப்போது முன் ஆக்சில்தான் தராசின் முள். அதற்கு முன்னால் இருப்பதெல்லாம் ஒரு தட்டு, பின்னால் இருப்பதெல்லாம் மறு தட்டு. லோடர் பின் சக்கரத்திலிருந்து 120 கிலோவைத் தூக்கிவிடுகிறது. பக்கெட்டில் உள்ள மண் 400 கிலோவைத் தூக்கிவிடுகிறது. 600-இல் 520 போக மிச்சம் 80 கிலோ. ஓர் ஆள் எடை!

அதாவது 1,700 கிலோ வண்டியில் பின் சக்கரம் இரண்டும் சேர்ந்து தாங்குவது 80 கிலோ. மீதி 1,620 கிலோ அந்தச் சின்ன முன் சக்கரங்களின் தலையில். ஓட்டுநர் ஒரு பள்ளத்தில் இறங்கினாலோ, பிரேக்கை அழுத்தினாலோ பின் சக்கரம் தரையை விட்டு எழும். இதே 400 கிலோவைப் பக்கெட்டில் அள்ளாமல் ஃபோர்க் மாட்டி மரப்பலகையில் வைத்துத் தூக்கினால், பாரம் இன்னும் 60 சென்டிமீட்டர் முன்னால் போகும். அப்போது பின் சக்கரத்திலிருந்து 560 கிலோ எடுக்கும். கணக்குப் போட்டால் 80 கிலோ கடன் நிற்கிறது. டிராக்டர் அசையாமல் நிற்கும்போதே பின்பக்கம் எழும். பாரம் மாறவில்லை, இருந்த இடம்தான் மாறியது. வண்டிக்காரர் மூட்டையை இரண்டு சாண் நகர்த்தியதன் பொருள் இதுதான்.

ஏற்றம் இறைத்ததைப் பார்த்தவர்களுக்கு இந்தக் கணக்கு கண்முன் வரும். ஏற்றமரத்தின் மீது ஆள் நடப்பார். கிணற்றுப் பக்கம் நாலடி வைத்தால் சால் இறங்கும், மறுபக்கம் நாலடி வைத்தால் நிறைந்த சால் மேலே வரும். தண்ணீரைத் தூக்கியது மறுபக்கத்தில் நின்ற உடம்பின் பாரம். லோடருக்கும் அப்படி ஒரு மறுபக்கத்து ஆள் வேண்டும்.

அந்த ஆள் நிற்க வேண்டிய இடம், டிராக்டரின் பின்னால் இருக்கும் மூன்று முனை இணைப்பு. கலப்பையையும் ரோட்டவேட்டரையும் மாட்டுகிறோமே, அதே இடம். ஹாரி ஃபெர்குசன் வகுத்துக் கொடுத்த அமைப்பு அது. அவர் பெயரைத் தாங்கிய மாஸ்ஸி ஃபெர்குசன் டிராக்டர்களைத்தான் 1960-இல் சென்னையில் தொடங்கிய டாஃபே நிறுவனம் தயாரித்தது. உத்திரமேரூர் வயல்களில் அந்தச் சிவப்பு டிராக்டரைப் பார்க்காதவர் யாரும் இருக்க மாட்டார்கள்.

மேலே சொன்ன டிராக்டரின் மூன்று முனை இணைப்பில், பின் ஆக்சிலுக்கு ஒரு மீட்டர் பின்னால், 300 கிலோ எடையை மாட்டுவோம். அது பின் சக்கரத்தில் 300 கிலோவை அல்ல, 500 கிலோவைக் கூட்டும். கூடுதலாக வந்த 200 கிலோ முன் ஆக்சிலிலிருந்து எடுத்தது. பின் சக்கரத்தில் 80 இருந்தது 580 ஆகிறது, முன் சக்கரத்தில் 1,620 இருந்தது 1,420 ஆகக் குறைகிறது. அதே 300 கிலோவைப் பின் சக்கரத்திலேயே இரும்பு வட்டாகவோ டியூபில் தண்ணீராகவோ ஏற்றினால், பின் சக்கரத்தில் 380 வரும். முன் சக்கரத்தின் 1,620-இல் ஒரு கிலோகூடக் குறையாது. டியூபில் முக்கால் பங்கு தண்ணீர் நிரப்புவது நல்ல பழக்கம், கீழ்ப்பாரம் தருகிறது, சறுக்கலைக் குறைக்கிறது. ஆனால் முன் ஆக்சிலின் முதுகை அது நிமிர்த்தாது. அதற்குப் பின்னால் தொங்கும் எடைதான் வேண்டும்.

இதற்காகத் தனியாகச் செலவு செய்ய வேண்டும் என்பதில்லை. வீட்டில் இருக்கும் ரோட்டவேட்டரே 200 கிலோவுக்கு மேல் இருக்கும். அதைச் சுழற்றும் பி.டி.ஓ.வை நிறுத்திவிட்டு, தரையிலிருந்து ஒரு முழம் மட்டும் தூக்கி வைத்துக்கொண்டால் அதுவே பின்பாரம். 200 லிட்டர் எண்ணெய் டிரம்மில் பாதி அளவு கான்கிரீட் போட்டால் சுமார் 240 கிலோ வரும். நல்ல பட்டறையில் மூன்று முனைக்கும் சரியான பின் வைத்து வெல்டிங் செய்துகொள்ளலாம். எவ்வளவு எடை மாட்டலாம் என்பதை டிராக்டரோடு வந்த கையேட்டில் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரு எச்சரிக்கை: லோடரைக் கழற்றிய அன்றே பின்பாரத்தையும் கழற்றிவிட வேண்டும். இல்லாவிட்டால் முன்பக்கம் லேசாகி, ஸ்டியரிங் திருப்பினால் திரும்பாது. மேட்டில் ஏறினால் டிராக்டர் பின்பக்கமாகப் புரளும். பின்புறப் புரளல் தொடங்கியதிலிருந்து முடியும் வரை ஒன்றரை நொடிதான். குதிக்க நேரம் கிடையாது.

அடுத்த கேள்வி: பக்கெட்டில் இருப்பது எவ்வளவு? கண்ணால் பார்த்துச் சொல்பவர்கள் பெரும்பாலும் கொள்ளளவைச் சொல்வார்கள், எடையைச் சொல்ல மாட்டார்கள். கால் கன மீட்டர் பக்கெட் ஒன்றில் காய்ந்த தொழுவுரத்தைக் கோபுரமாக அள்ளினாலும் 150 கிலோ, 200 கிலோவில் நிற்கும். அதே பக்கெட்டில் மழை பெய்த மறுநாள் ஏரி வண்டலை மட்டமாக அள்ளினால் 450 கிலோ. ஜல்லி என்றால் 375 கிலோ. ஒரு கன அடி கருங்கல் ஏறத்தாழ 75 கிலோ, அதாவது ஒரு நெல் மூட்டை. ஏழடி உயரம், ஐந்து அங்குலச் சதுரம் உள்ள வேலிக் கல்கால் ஒன்று 90 கிலோ வரும். “அஞ்சு கல்லுதானே, ஒரே நடையில எடுத்துடலாம்” என்பவர் 450 கிலோவைப் பற்றிப் பேசுகிறார். அதுவும் பக்கெட்டுக்குக் குறுக்கே நீட்டிக்கொண்டிருக்கும் 450 கிலோ. கல்குவாரிகளும் கிரஷர்களும் உள்ள இந்த வட்டாரத்தில் ‘ஒரு யூனிட்’ என்றால் 100 கன அடி என்று சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஒரு யூனிட் ஜல்லி நாலு டன்னுக்கு மேல். சிறு லோடருக்குப் பத்துப் பன்னிரண்டு நடை.

விற்பனைத் தாளில் தூக்கும் திறன் என்று ஒரே ஓர் எண் அச்சிட்டிருப்பார்கள். அது எங்கே அளந்த எண் என்று கேட்க வேண்டும். பக்கெட் மாட்டும் பின்னில் அளந்தால் ஒரு எண், அதிலிருந்து அரை மீட்டர் முன்னால் அளந்தால் அதைவிடக் குறைவு. தரைக்கு அருகே தூக்குவது ஒன்று, கையை முழுதாக உயர்த்தும்போது தூக்குவது இன்னொன்று. பெரிய எண்ணைச் சொல்லி விற்பார்கள். வேலை நடப்பது சின்ன எண்ணில்.

பாரம் பக்கெட்டில் ஏறிவிட்டது. இனி நகர்வது எப்படி? இதில் ஒரு ரகசியம் டிராக்டருக்கு அடியில் ஒளிந்திருக்கிறது. குனிந்து பார்த்தால் தெரியும். முன் ஆக்சில் வண்டியோடு இரண்டு பக்கமும் இறுக்கிப் பூட்டியதில்லை. நடுவில் ஒரே ஒரு பின்னில் தொங்குகிறது. வரப்பில் ஒரு முன் சக்கரம் ஏறினால் ஆக்சில் மட்டும் சாயும், உடம்பு சாயாது. உடம்பைப் பக்கவாட்டில் நிமிர்த்திப் பிடித்திருப்பவை பின் சக்கரங்கள் இரண்டும்தான். ஆக டிராக்டர் நிற்பது நான்கு காலில் என்று நினைக்கிறோம், உண்மையில் முக்காலிதான். பின் சக்கரம் இரண்டு, முன் ஆக்சிலின் நடுவில் உள்ள அந்தப் பின் ஒன்று. முன்பாரம் ஏறி, பின் சக்கரங்கள் லேசானதும், முக்காலியின் இரண்டு கால்கள் தரையை விடுகின்றன. மொத்த வண்டியும் அந்த ஒற்றைப் பின்னில் நிற்கிறது. அந்த நேரத்தில் பக்கெட்டும் தலைக்கு மேல் இருந்தால், ஒரு கால்வாய்த் திருப்பமே போதும்.

ஆகவே பக்கெட்டைத் தரைக்கு ஒரு சாண், ஒன்றரைச் சாண் உயரத்தில் வைத்துத்தான் நகர வேண்டும். டிரெய்லர் பக்கத்தில் வந்து, நேராக நின்று, அதன் பிறகு உயர்த்த வேண்டும். உயர்த்திய பக்கெட்டோடு திரும்பக் கூடாது. கொட்டியதும் பின்னால் வந்து இறக்கிவிட்டுத்தான் அடுத்த வேலை. நடைவேகமே வேகம். உயரத்திலிருந்து இறக்கும்போது லிவரை ஒரேயடியாக விட்டுச் சட்டெனப் பிடிப்பது சிலருக்கு விளையாட்டு. அப்படிப் பிடிக்கும் நொடியில் 400 கிலோ பாரம் அதைவிடப் பல மடங்கு எடையாக முன் ஆக்சிலில் இறங்கும். பின்பக்கம் எழுவது அந்த நொடியில்தான். எழுந்துவிட்டால் திருப்பவும் கூடாது, பிரேக்கை அழுத்தவும் கூடாது. பக்கெட்டை நிதானமாகத் தரையில் இறக்கிவிட்டால் பின் சக்கரம் தானாகக் கீழே வரும்.

சிறு டிராக்டரை வாங்கும்போது வரிசைகளுக்கு இடையே நுழைய வேண்டும் என்று பின் சக்கரங்களை உள்ளே தள்ளி வைத்துக்கொள்பவர்கள் உண்டு. லோடர் வேலைக்கு அவற்றை வெளியே தள்ளி அகலப்படுத்துவது நல்லது. முக்காலியின் கால்கள் எவ்வளவு அகலமோ அவ்வளவு நிம்மதி.

ஏரிக்கரை ஏறி இறங்குபவர்களுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். தேரோட்டத்தில் வடம் பிடிப்பவர்கள் நூற்றுக்கணக்கானவர்கள். தேரை நிறுத்துபவர்கள் சக்கரத்தடியில் முட்டுக்கட்டை போடும் நாலைந்து பேர்தான். அவர்கள் கட்டை போடுவது பாரம் அழுந்தும் சக்கரத்தில். டிராக்டரில் கதை தலைகீழ். பெரும்பாலான டிராக்டர்களில் பிரேக் இருப்பது பின் சக்கரங்களில் மட்டும். முன்பாரத்தால் லேசாகிப்போன அதே பின் சக்கரங்களில்! சரிவில் முன்பக்கமாக இறங்கும்போது பிரேக்கை அழுத்தினால் பின் சக்கரம் நிற்கும், டிராக்டர் நிற்காது, சறுக்கிக்கொண்டே போகும். நான்கு சக்கர இயக்கம் உள்ள வண்டியில் அதைப் போட்டு வைத்திருந்தால் பின்னால் அழுத்தும் பிரேக் முன் சக்கரத்தையும் சேர்த்துப் பிடிக்கும். லோடர் பூட்டிய வண்டியை நான்கு சக்கர இயக்கத்தில்தான் ஓட்ட வேண்டும் என்பது இதனால்தான். உழவில் தனித்தனியாக மிதிக்கும் இரண்டு பிரேக் பெடல்களையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். கியர் தாழ்ந்த கியர். நியூட்ரலில் இறக்குவது கூடவே கூடாது.

திசையும் முக்கியம். பாரம் எப்போதும் மேட்டுப் பக்கம் இருக்க வேண்டும். நிறைந்த பக்கெட்டோடு கரை ஏறும்போது முன்பக்கமாக ஏற வேண்டும். அதே பக்கெட்டோடு இறங்க நேர்ந்தால் ரிவர்ஸில் இறங்க வேண்டும். கரைச் சரிவில் குறுக்காக ஓட்டுவது எந்தப் பாரத்தோடும் ஆகாது.

மண்ணும் கல்லும் போகட்டும். ஆளைத் தூக்குவது? கோயில் தோரணம் கட்ட, மாங்காய் பறிக்க, தெருவிளக்கு மாற்ற, பக்கெட்டில் ஒருவரை நிறுத்தி உயர்த்துவதை இந்த ஊர்களில் பார்க்காதவர் இல்லை. 2023 ஜனவரி 22 இரவு, பக்கத்து ராணிப்பேட்டை மாவட்டத்தில் நெமிலி அருகே கீழ்வீதி கிராமத்துத் திருவிழாவில், சாமிக்கு மாலை போடுவதற்காகக் கிரேனில் ஆட்களைத் தூக்கிவைத்து நகர்த்தினார்கள். கிரேன் சாய்ந்தது. நான்கு பேர் இறந்தார்கள். கிரேன் என்பது பாரம் தூக்குவதற்கென்றே செய்த இயந்திரம். அதற்கே அந்தக் கதி என்றால், வயல் வேலைக்குச் செய்த டிராக்டரின் பக்கெட் ஆள் நிற்கும் மேடையாகாது. ஓர் ஓஸ் வெடித்தால், ஒரு பின் கழன்றால், பக்கெட் அந்த நொடியே கீழே வரும்.

மேலே பார்ப்பதும் கீழே பார்ப்பதைப் போலவே முக்கியம். பம்புசெட்டுக்குப் போகும் மின்கம்பிகள் வயலுக்குக் குறுக்கே எவ்வளவு தாழ்ந்து தொங்குகின்றன என்று ஓட்டுநர்களுக்கே தெரியும். உயர்த்திய பக்கெட் அந்த உயரத்தை எளிதாகத் தொடும். 2022 ஏப்ரல் 27 அதிகாலை, தஞ்சாவூர் அருகே களிமேட்டில் அப்பர் சதயவிழாத் தேரின் உச்சி உயர் அழுத்த மின்கம்பியில் பட்டு 11 பேர் உயிரிழந்தார்கள். உயரம் கூடிய பொருளோடு கம்பிக்கு அடியில் போவது என்ன என்பதற்கு அதைவிடத் துயரமான சான்று வேண்டாம். பக்கெட் கம்பியில் பட்டுவிட்டால் ஓட்டுநர் இருக்கையிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். யாரும் டிராக்டரைத் தொடக் கூடாது. தீப்பிடித்தாலன்றி இறங்கக் கூடாது. இறங்கியே ஆக வேண்டுமானால் வண்டியையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாமல், இரண்டு காலையும் சேர்த்துக் குதித்து, காலைப் பிரிக்காமல் தேய்த்துத் தேய்த்து விலக வேண்டும். தாழ்ந்த கம்பியைப் பற்றி மின்வாரியத்தின் மின்னகத்துக்கு 94987 94987 என்ற எண்ணில் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

எண்ணெய்க் கசிவைப் பற்றிச் சிலருக்கு மட்டுமே தெரிந்த ஓர் ஆபத்து உண்டு. ஓஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் 150 பார் அழுத்தத்தில் வெளியேறும் எண்ணெய் கண்ணுக்கே தெரியாது. எங்கே கசிகிறது என்று கையால் தடவிப் பார்ப்பவரின் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வலி அதிகம் இருக்காது, ஓர் எறும்புக் கடி போலத்தான். சில மணி நேரத்தில் விரல் வீங்கிக் கறுக்கும். உடனே அறுவைச் சிகிச்சை செய்யாவிட்டால் விரலோ கையோ போய்விடும். கசிவைத் தேட ஓர் அட்டைத் துண்டு போதும். எண்ணெய் பட்டால் அட்டை நனையும். சந்தேகப்படும்படி கையில் பட்டுவிட்டால் மஞ்சள் பூசிக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரிக்குப் போய், “ஹைட்ராலிக் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது” என்று டாக்டரிடம் தெளிவாகச் சொல்ல வேண்டும்.

உயர்த்திய கையின் கீழே யாரும் நிற்கக் கூடாது, நிழலுக்காகக்கூட. வேலை முடிந்தால் பக்கெட் தரையில் மட்டமாக இருக்க வேண்டும், இன்ஜின் நின்ற பிறகு லிவரை இரண்டு பக்கமும் அசைத்து அழுத்தத்தை வெளியேற்ற வேண்டும். குழந்தைகள் இருக்கும் வீட்டில் சாவி டிராக்டரில் இருக்கக் கூடாது.

ஓட்டுநரின் தலைக்கு மேல் இருக்கும் இரும்பு வளைவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். ஸ்வீடன் நாடு 1959-லேயே புதிய டிராக்டர்களில் கவிழ்ந்தாலும் நசுங்காத காப்பு வளைவைக் கட்டாயமாக்கியது. அதன் பிறகு அங்கே டிராக்டர் கவிழ்ந்து இறப்பவர்கள் வெகுவாகக் குறைந்துபோனார்கள். நம் ஊரில் அந்த வளைவு இருக்கும் டிராக்டர்களிலும் மாமரக்கிளை இடிக்கிறது என்று மடக்கி வைத்துவிடுகிறார்கள். வளைவு நிமிர்ந்து நின்று, சீட் பெல்ட்டும் போட்டிருந்தால்தான் அது காப்பாற்றும். வளைவே இல்லாத டிராக்டரில் பெல்ட் போட்டால், கவிழும் வண்டியோடு ஆளையும் கட்டிவைத்தது போல் ஆகும். அங்கே பாதுகாப்பு என்பது பின்பாரமும் தாழ்ந்த பக்கெட்டும் மட்டுமே.

நெல் லாரியும் கல் லாரியும் ஓடும் இந்தப் பக்கத்தில் எடைமேடைக்குப் பஞ்சமில்லை. லோடர் வைத்திருப்பவர்கள் அனைவரும் ஒருமுறை அங்கே போய் வர வேண்டும் என்பதே இந்த அவையில் வைக்கும் வேண்டுகோள். வழக்கமாக அள்ளும் பாரத்தைப் பக்கெட்டில் நிறைத்து, தரைக்கு ஒரு சாண் மேலே வைத்துக்கொள்ளுங்கள். முதலில் முழு டிராக்டரையும் மேடையில் நிறுத்தி எடை பாருங்கள். அடுத்து முன் சக்கரங்களை மேடைக்கு வெளியே விட்டு, பின் சக்கரங்களை மட்டும் நிறுத்திப் பாருங்கள். பின் சக்கரத்து எடை மொத்தத்தில் நாலில் ஒரு பங்காவது இருந்தால் வேலையைத் தொடருங்கள். குறைந்தால் பின்பாரத்தைக் கூட்டுங்கள். கையேடு அதற்கு மேல் இடம் தராவிட்டால் பக்கெட்டில் இருப்பதைக் குறையுங்கள். கிடைத்த இரண்டு எண்களையும் மட்கார்டின் உள்பக்கம் பெயின்ட்டில் எழுதி வைத்துவிடுங்கள். அடுத்த நாள் டிராக்டரை எடுக்கப்போவது உங்கள் பிள்ளையாகவோ, கூலிக்கு வந்த புது ஓட்டுநராகவோ இருக்கலாம்.